மூன்றாவது ஃப்ளாப்பி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. திங்கட்கிழமை காலை கரண்ட் போய் வந்தது. அதன் பிறகு புதிய மெஷினின் ஹார்டு டிஸ்க் எழுந்திருக்கவில்லை.
2. எங்களிடமே இருந்த பேக்கப் செட்டை எடுத்தோம். ஏழு ஃப்ளாப்பிகள். முதல் இரண்டும் படித்தன, மூன்றாவது படிக்கவில்லை.
3. மேலூரில் வைத்திருந்த இன்னொரு பிரதியை பஸ்ஸில் வரவழைத்தோம். அதில் ஒன்றுகூடப் படிக்கவில்லை.
4. அதே வாரம் பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள்.
5. நெல்காரர் வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

நான்காவது வரிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்கள் கடையில் அந்த வாரம் எல்லாமே அந்த வரியைச் சுற்றித்தான் நின்றது.

கடை என்றுதான் நாங்களே சொல்வோம். மதுரையில் மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் நடக்கும் கட்டிடத்தின் மாடியில் இரண்டு அறைகள். வெளியே பலகையில் கம்ப்யூட்டர் சென்டர் என்று எழுதியிருக்கும். முதலாளி சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். கீழே இருக்கும் சேலைக் கடை அவருடைய அண்ணனுடையது. அண்ணனும் தம்பியும் மாடிப்படியில் நின்று அவர்கள் வீட்டு மொழியில் பேசிக்கொள்வார்கள். கோபம் வந்தால் மட்டும், மற்றவர்களுக்கும் புரியட்டும் என்பதுபோலத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு அங்கே சேர்ந்திருந்தேன். விளாங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போனால் இரண்டு மெஷின்கள். புதியதில்தான் எல்லா வேலையும் நடக்கும். பழையது துணி போர்த்திக்கொண்டு மூலையில் இருக்கும்.

நெல்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். மேலூரைத் தாண்டி ஒரு விதைக் கம்பெனியின் பண்ணையில், நெல் ரகங்களைக் கலந்து புது ரகம் உண்டாக்கிப் பார்ப்பது அவர் வேலை. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். விவசாயக் கல்லூரியிலும் படித்தவர். ஆறு போகமாக ஒவ்வொரு பாத்திக்கும் பயிரின் உயரம், எப்போது பூத்தது, எத்தனை தூர், காற்றில் சாய்ந்ததா நின்றதா, நெல் எவ்வளவு கண்டது என்று தாளில் எழுதி வந்தார். ஒருமுறை பண்ணைக் குடோனில் கரையான் ஏறித் தாள்களின் ஓரத்தைத் தின்றுவிட்டது. பயந்துபோய் எல்லாவற்றையும் எங்களிடம் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். தாள்களைக் கரையான் அப்புறம் நிதானமாகத் தின்று முடித்தது. ஆகவே அந்த ஆறு போகமும் எங்கள் மெஷினில் மட்டும்தான் இருந்தது.

கால்வாயில் தண்ணீர் வந்தால் நாற்றங்கால் போட வேண்டும். அவர் கையில் இருக்கும் ரகங்களில் எதை இந்த முறை விதைப்பது, எதை விடுவது என்பதை அந்த விவரங்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். கம்பெனி ஏற்கெனவே சொல்லியிருந்தது: தேறிய ரகங்கள் எவை என்று ஆதாரத்தோடு காட்டினால் ஆராய்ச்சி தொடரும், இல்லாவிட்டால் அந்த நிலம் சாதாரண விதை உற்பத்திக்குப் போய்விடும். தண்ணீர் வந்தபின் ரொம்ப நாள் காத்திருக்க முடியாது. விதைப்புத் தவறினால் அவருடைய ஆறு போகமும் தவறியதுதான்.

"ஏம்மா, இம்புட்டுத்தானா உங்க மெஷினு?" என்றார் என்னைப் பார்த்து. "கரையானாவது ஓரத்துலருந்து தின்னுச்சு. இது ஒரே வாயில முழுங்கிருச்சே."

"வந்துரும்ணே, வந்துரும். இன்னொரு வாட்டி போட்டுப் பாப்போம்" என்று முதலாளி மூன்றாவது ஃப்ளாப்பியை மறுபடி கையில் எடுத்தார்.

"சார், அதைக் கீழ வைங்க" என்றேன்.

அவர் வைத்துவிட்டார். நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை என்பதால், சொன்னால் கேட்பார்.

ஒரு ஃப்ளாப்பி படிக்கவில்லை என்றால் கோளாறு ஃப்ளாப்பியில் இருக்கலாம், அதைப் படிக்கிற டிரைவிலும் இருக்கலாம். டிரைவில் இருந்தால், சந்தேகத்தோடு நாம் உள்ளே விடுகிற ஒவ்வொரு நல்ல ஃப்ளாப்பியையும் அது கீறிவிடும். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது என்பது இருக்கிறதையும் கெடுக்கிற வழி. அதனால் முதலில் எல்லா ஃப்ளாப்பிகளின் ஓரத்து வெட்டிலும் வெள்ளித் தாள் ஒட்டினேன். அதை ஒட்டிவிட்டால் தவறிப்போய்க்கூட அதன்மேல் எதுவும் எழுத முடியாது. புதிய மெஷினை அணைத்துவிட்டு, மூலையில் இருந்த பழையதன் துணியை எடுத்தேன். அதன் டிரைவுக்குள் வட்டைத் தொட்டுப் படிக்கும் தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, யாருக்கும் வேண்டாத ஒரு ஃப்ளாப்பியைப் போட்டு ஓட்டி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கீறல் இல்லை.

"ஆபரேசன் தியேட்டரு மாதிரில்ல பண்ற" என்றார் முதலாளி.

"அப்படித்தான் சார் பண்ணணும்."

பழைய மெஷினில் முதல் இரண்டும் சுத்தமாகப் படித்தன. நல்ல ஃப்ளாப்பி படிக்கும்போது டிரைவிலிருந்து ஒரே தாளத்தில் டக், டக் என்று சத்தம் வரும். மூன்றாவதைப் போட்டதும் கர்ரென்று இழுத்து, பின்னால் போய், மறுபடி கர்ரென்றது. உடனே எடுத்துவிட்டேன். உறையில் இருக்கும் நீள் துளை வழியாகப் பார்த்தால், பழுப்பு வட்டின்மேல் வளையல் போல ஒரு பளபளப்பான கோடு. புதிய மெஷின் போகிற போக்கில் கீறிவிட்டது அதுதான்.

பேக்கப்பைத் திருப்பி ஏற்றும் புரோகிராம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத்தான் கேட்கும். மூன்று கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். நான்கிலிருந்து ஏழு வரை நன்றாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால் அதை விட்டுவிட்டு, ஃப்ளாப்பியில் இருப்பதை அப்படியே துண்டு துண்டாக எடுக்கிற சின்னப் புரோகிராம் ஒன்று எழுதினேன். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் வந்துவிட்டன. மூன்றாவது இருந்த இடம் மட்டும் வாயில் ஒரு பல் விழுந்த மாதிரி.

அப்போதுதான் ஒரு விஷயம் தெளிவாயிற்று. நெல்காரரின் புது விவரங்கள் எப்போதும் கடைசியில்தான் போய்ச் சேரும். மூன்றாவது ஃப்ளாப்பியில் இருப்பது பழைய போகங்கள். அது வாரா வாரம் மாறுவதே இல்லை. இந்த வாரத்து மூன்றாவது இல்லாவிட்டால் என்ன, ஏதாவது ஒரு வாரத்து மூன்றாவது கிடைத்தால் எனக்குப் போதும்.

மேலூரில் பண்ணை ஆபீசில் எங்கள் செட்டுகள் நான்கு இருந்தன. கட்டிடத்தில் தீப்பிடித்தாலோ கூரை ஒழுகினாலோ இன்னொரு இடத்தில் பிரதி இருக்கட்டும் என்று முதலாளி வைத்த ஏற்பாடு அது. சனிக்கிழமை தோறும் ஒரு செட் எழுதி, அட்டைப் பெட்டியில் வைத்து, மேலூர் போகும் தனியார் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மருந்து, பூக்கூடை, மறந்துபோன சாவி, மாப்பிள்ளை வீட்டுப் பலகாரம் எல்லாம் கண்டக்டர் கையில்தான் போகும். அந்தப் பக்கம் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். நான்கு செட்டில் ஆகப் பழையது திரும்பி வரும். அதன்மேல் புதியதை எழுதுவோம்.

அந்த நான்கில் புதியதைத்தான் வரவழைத்திருந்தோம். அதில் கீறல் இல்லை, பூஞ்சை இல்லை. வட்டு பளிச்சென்று இருந்தது. ஆனால் டிரைவுக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை. கடையில் புதிதாக வாங்கி இன்னும் எதுவும் எழுதாத ஃப்ளாப்பி போல இருந்தது. ஏழும் அப்படியே. தேய்ந்து கெட்டால் இப்படி ஆகாது. யாரோ, எதுவோ, அழித்திருக்க வேண்டும்.

"மிச்ச மூணு செட்டையும் நானே போய் எடுத்துட்டு வர்றேன் சார்" என்றேன்.

"கண்டக்டர்ட்ட சொன்னா கொண்டாந்து தரப்போறான். உனக்கு எதுக்கு அலைச்சல்?"

"போன செட்டும் அவர்தான் கொண்டாந்தார்."

முதலாளி யோசித்தார். "அவனையா சந்தேகப்படுற? நல்ல மனுசன்ம்மா."

"ஆளைச் சந்தேகப்படலை சார். வழியைப் பாக்கணும்."

நெல்காரரும் என்னோடு கிளம்பினார். எங்கள் பெட்டி போகிற அதே பஸ். நான் முன்பக்கம் பெண்கள் சீட்டில், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பாட்டு காதைப் பிளந்தது. ஒத்தக்கடை தாண்டிக் கூட்டம் கொஞ்சம் அசைந்து கொடுத்ததும் கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, சனிக்கிழமை குடுக்குற எங்க பொட்டிய எங்க வைப்பீங்க?"

"எது தாயி, அந்த அப்பளப் பொட்டியா?"

"அதேதான்."

"அதைக் கீழயா வைப்போம்? ஒருத்தன் மிதிப்பான், ஒருத்தி கருவாட்டுக் கூடைய அதுமேல எறக்குவா. உங்க மொதலாளி என் கையப் புடிச்சுச் சொன்னாரு, உசுரு மாதிரிப் பாத்துக்கப்பான்னு. நேரா சாமிகிட்டதேன்." விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு முன்னால் காட்டினார். "பூவு, துந்நூறு வைக்கிற எடம். கால் படாது, எச்சி படாது."

"ஒரு வாட்டி பிரேக்குப் போட்டப்ப பொட்டி விழுகப் போச்சு. ஒத்தக் கையில வண்டிய வளைச்சுக்கிட்டு ஒத்தக் கையால பிடிச்சேன்ல, அதைச் சொல்லு மாப்ள" என்றார் டிரைவர், திரும்பாமல்.

கண்ணாடிக்கு மேலே வரிசையாகச் சாமி படங்கள், பிளாஸ்டிக் மாலை, மினுக்கு பல்பு. அதன் கீழே ஒரு பலகை. பலகையின் முன்பக்கம் தட்டு அளவுக்கு ஒரு பெரிய ஸ்பீக்கரைப் பொருத்தியிருந்தார்கள். அதன் முகம் எங்களைப் பார்த்திருந்தது. முதுகு பலகைக்கு உள்பக்கம், விபூதித் தட்டும் பூவும் இருக்கும் இடத்தைப் பார்த்திருந்தது. நான் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து, எழுந்து போய் ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் நீட்டினேன். கையிலிருந்து பறித்துக்கொண்டது. காந்தம்.

ஃப்ளாப்பியில் எழுதியிருப்பதே காந்தத்தால்தான். மதுரையிலிருந்து மேலூர் வரை, வாரா வாரம், அதை இவ்வளவு பெரிய காந்தத்தின்மேல் சாய்த்துவைத்து, மரியாதையாகக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கண்டக்டரிடம் சொன்னேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது.

"சாமிகிட்ட வச்சதுல கொறை சொல்றியே தாயி."

"சாமி ஒண்ணும் பண்ணலைண்ணே. ஸ்பீக்கர் காந்தம் அழிச்சிருச்சு."

"அப்ப கேசட்டு? பாட்டுக் கேசட்டெல்லாம் அங்கனதேன் கெடக்கு. அது பாடுதுல்ல?"

எனக்கு முன்னால் டிரைவர் பதில் சொன்னார். "எங்க பாடுது? டப்பாவுல கெடக்குற கேசட்டு கணீர்னு பாடுது. பலகையில கெடக்குறது கெணத்துக்குள்ளருந்து பாடுற மாதிரில்ல பாடுது. நீ கேசட்டுக் கடைக்காரன் ஏமாத்திட்டான்னு போயி அவன்கிட்ட வம்பிழுத்துட்டு வந்த."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் டிக்கெட் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "ஆமா, வம்பிழுத்தேன். இப்ப அதுக்கென்ன" என்றார்.

நெல்காரர் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "அப்ப நாலு செட்டும் போச்சா?"

அதற்குப் பதில் எனக்கு அப்போது தெரியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது.

"அண்ணே, இந்த ஸ்பீக்கர் எப்பவும் இங்கதான் இருக்குமா? கழட்டவே மாட்டீங்களா?"

"எஃப்.சி.க்குப் போறப்ப கழட்டுவோம்" என்றார் கண்டக்டர். வண்டியை வருடத்துக்கு ஒருமுறை அதிகாரியிடம் ஓட்டிக் காட்டித் தகுதிச் சான்று வாங்குவது அது. "பாட்டுச் செட்டோட போனா அந்தாளு கத்துவாரு. போன மாசம் கழட்டுனப்ப ஒயரு அந்துபோயி, ரிப்பேருக்குக் குடுத்து, ரெண்டு வாரம் ஊமை வண்டியாவுல்ல ஓட்டுனோம். காலேஜுப் பயலுக ஒருத்தன் ஏறல. எழவு வீட்டு வண்டி மாதிரி இருக்குன்னுட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டானுக."

"அப்பவும் எங்க பொட்டி வந்துச்சா?"

"வந்துச்சே. சாமிகிட்டதேன் வச்சேன்."

பண்ணை ஆபீசில் மூன்று பெட்டிகளும் மர அலமாரியில் ஒழுங்காக இருந்தன. பக்கத்தில் மோட்டாரோ ஃபேனோ எதுவும் இல்லை. கண்டக்டரிடம் கேட்டு வைத்திருந்த எஃப்.சி. தேதியோடு, மேலே ஒட்டியிருந்த தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு செட் பாட்டு திரும்பி வந்த பிறகு வந்தவை. ஆகப் பழையது மட்டும் ஊமை வண்டியில் வந்தது. வழக்கம்போல விட்டிருந்தால் அந்தச் சனிக்கிழமை அது மதுரைக்குத் திரும்பி வந்து, அதன்மேல் புதியதை எழுதியிருப்போம்.

திரும்பும்போதும் அதே பஸ்தான் கிடைத்தது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவர், "பாட்டு சத்தத்தக் கொறைக்கட்டுமா தாயி?" என்று கேட்டார். சத்தம் ஒன்றும் செய்யாது என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மதுரை வரும்வரை பாட்டே போடவிடவில்லை.

அந்தச் செட்டின் மூன்றாவது ஃப்ளாப்பியை மெஷினில் விடும்போது முதலாளியும் நெல்காரரும் என் பின்னால் நின்றார்கள். டக், டக், டக் என்று கடைசிவரை ஒரே தாளம். நெல்காரருக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாது. என் முதலாளி மூச்சுவிட்டதை வைத்துப் புரிந்துகொண்டார்.

படித்துவிட்டது என்பதோடு வேலை முடியாது. ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது ஃப்ளாப்பி பாதியில் விட்ட பாத்தியின் மீதி, மூன்றாவதன் தொடக்கத்தில் இருந்தது. மூன்றாவது விட்ட இடத்திலிருந்து நான்காவது தொடர்ந்தது. கீறல் விழுந்த பழைய மூன்றாவதையும், வளையத்தை விட்டுவிட்டு, மிச்சத்தைத் துண்டு துண்டாக எடுத்து இதோடு வைத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. பிறகு நான் வாசிக்க வாசிக்க நெல்காரர் தலையாட்டிக்கொண்டே வந்தார். எண்ணாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்: சண்டிக்காரி, சோம்பேறி, நெட்டையன். ஒரு பாத்தி வந்ததும் கையைக் காட்டினார்.

"நிறுத்தும்மா. இது குட்டச்சி. நாலாம் போகத்துல இம்புட்டுக் கம்மியா காங்கல. தப்பா ஏறியிருந்துச்சு, திருத்தச் சொல்லித் திருத்துனீங்கள்ல?"

முதலாளிக்கு நினைவு இருந்தது. திருத்தியது உண்மைதான், எஃப்.சி. முடிந்து ஸ்பீக்கர் திரும்பிய பிறகு. அதனால் ஊமை வண்டியில் போன செட்டில் பழைய தப்பு எண்தான் இருந்தது. என்ன எண் என்பது அவருக்கு நினைவில்லை. திருத்திய எண் கீறல் விழுந்த ஃப்ளாப்பியில் இருந்தது. எந்த இடத்தில் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக அந்த வளையத்துக்குள்.

"அம்புட்டும் வந்துருச்சு, இது ஒண்ணுதேன். நான் சொல்றேன்ல, நீ போட்டுவிடும்மா" என்றார் நெல்காரர்.

"எவ்வளவு சார்?"

சொன்னார். நான் எழுதவில்லை. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்த பிறகு, வேறு பேச்சுக்கு நடுவில் மறுபடி கேட்டேன். முதலில் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னார். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"டீ குடிச்சதுல குட்டச்சி வளந்துட்டாளாண்ணே?" என்றார் முதலாளி.

நெல்காரர் கோபப்படவில்லை. அந்த எண் இருந்தால் குட்டச்சி தேறிய வரிசையில் வருவாள். இல்லாவிட்டால் வரமாட்டாள். ஆறு போகமாக அவருக்குப் பிடித்த ரகம் அது. அறைக்குள் இருந்த மூன்று பேருக்கும் இது தெரியும்.

"சார், ஃப்ளாப்பி குடுத்ததைத்தான் நான் வைப்பேன்" என்றேன். "திருத்தம் நடந்திருக்கு, எண் தெரியலைன்னு பக்கத்துல சந்தேகக் குறி போட்டுடறேன். அதுக்கு மேல நான் எதுவும் போட மாட்டேன். நாளைக்குக் கம்பெனில ஒருத்தர் இந்த எண் எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா, ஆறு போகத்தையும் சேத்துத்தான் சந்தேகப்படுவாங்க."

"போட்டுரு குறிய" என்றார். பிறகு, "பெத்தவன்கிட்ட மார்க்குக் கேட்டா கூட்டித்தான சொல்லுவான்" என்றார்.

பிரிண்டர் தேறிய ரகங்களின் வரிசையை அடித்துக் கொடுத்தது. குட்டச்சி அதில் இல்லை. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அந்த வாரமே நாற்றங்கால் போட்டாயிற்று.

இதை எழுதும்போது அந்தப் பயிர் பூத்திருக்கிறது. வரிசையில் இருந்த ரகங்கள் எல்லாம் சோதனைப் பாத்திகளில் நிற்கின்றன. குட்டச்சியை அவர் சோதனைக்கு வெளியே, வரப்போரமாக ஒரு துண்டு நிலத்தில் தனியாக நட்டிருக்கிறார். கம்பெனிக்குக் கொடுக்கும் விவரத்தில் அது சேராது. கம்பெனிக்காரர்கள் நிலத்தை இந்தப் போகத்துக்கு ஆராய்ச்சிக்கே விட்டிருக்கிறார்கள். அடுத்ததை அறுவடைக்குப் பிறகு சொல்வார்கள். புதிய மெஷினின் டிஸ்க் ரிப்பேருக்குப் போனது இன்னும் திரும்பவில்லை. ஆறு போகத்து விவரமும் பழைய மெஷினில் இருக்கிறது. சனிக்கிழமை செட்டை அனுப்பும் முன்பு ஒருமுறை திருப்பி ஏற்றிப் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை மேலூரிலிருந்து ஒரு செட்டை வரவழைத்தும் அப்படியே பார்க்கிறேன். இதுவரை எல்லாம் படிக்கின்றன.